மடையில் நிற்பவர்கள்



தம் தாயாரின் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவியவர் என்னைப் பேச அழைத்தபோது, "பொம்பளைங்களுக்குப் பயன்படுற மாதிரி ஒரு மருத்துவ விஷயம் பேசுங்க டாக்டர், அது போதும்" என்று மட்டும் சொன்னார். தாயாரைப் பற்றிக் கேட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் கால்விரல் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் அவருக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்ததாம். அதற்குள் கண்ணும் சிறுநீரகமும் பழுதாகத் தொடங்கியிருந்தன. பத்து ஆண்டுகளுக்குள் போய்விட்டார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார்: "நான்தான் கடைசிப் பிள்ளை. பிறக்கும்போது நாலே கால் கிலோ. ஊரே வந்து பார்த்துட்டுப் போச்சுன்னு அம்மா சொல்லுவாங்க." அன்றிரவே எனக்கு இந்தத் தலைப்பு முடிவாகிவிட்டது. அந்த நாலே கால் கிலோவைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நம் மலையடிவாரச் செண்பகத்தோப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காட்டழகரைப் பார்க்க நடந்தவர்கள், மீன்வெட்டிப்பாறையில் குளித்தவர்கள்தான் இங்கே பெரும்பாலும் அமர்ந்திருக்கிறீர்கள். மலைத்தண்ணீர் ஓடையாக இறங்கிக் கண்மாயில் நிற்கும். மடை வழியாக வயலுக்குப் போகும். மடையைத் திறந்து விட நீர்பாய்ச்சி ஒருவர் போதும். மடை இறுகிப்போனால்? அடுத்த வருடம் இரண்டு பேர் சேர்ந்து நெம்புவார்கள். அதற்கடுத்த வருடம் நான்கு பேர். தண்ணீர் எப்படியோ வெளியேறிக்கொண்டிருப்பதால் கண்மாயின் மட்டம் ஏறுவதில்லை. கரையில் நின்று மட்டத்தை மட்டும் பார்க்கிறவர் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். கீழே மடையில் எத்தனை பேர் மூச்சிரைக்க நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவர்கள் ஓய்ந்து உட்காரும் நாளில்தான் தண்ணீர் கரையைத் தொடும்.

கண்மாய் நம் இரத்தம். தண்ணீர் சர்க்கரை. மடை தசையிலும் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் இருக்கிறது. நெம்புகிற ஆட்கள்தான் கணையம் அனுப்பும் இன்சுலின். மடை இறுகிப்போவதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை என்று நாம் எடுப்பது மட்டத்தை அளக்கும் சோதனை. அது ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மடை இறுகத் தொடங்கிவிடுகிறது.

இரண்டு பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் வெறும் வயிற்றில் சர்க்கரை 94. சோதனைக்கூடத் தாளில் இருவருக்கும் 'நார்மல்'. ஒருத்திக்கு இன்சுலின் 6 அலகு, மற்றவளுக்கு 18. சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் முதலாமவளுக்கு 1.4, இரண்டாமவளுக்கு 4.2. இது ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் மாத்யூஸும் உடனிருந்தவர்களும் 1985இல் கொடுத்த கணக்கு. ஹோமா எண் என்பார்கள். ஒரே மட்டம், ஆனால் மடையில் மூன்று மடங்கு ஆட்கள்.

இன்சுலின் எதிர்ப்பை மனிதர் கண்டறிந்த கதை நீண்டது. சிலரை மட்டும் சொல்கிறேன். 1936இல் லண்டனில் ஹரால்ட் ஹிம்ஸ்வொர்த், சர்க்கரை நோயாளிகளில் இன்சுலின் ஊசிக்கு உடனே இணங்குகிறவர்களும் இணங்காதவர்களும் என இரண்டு வகையினர் உண்டு என்று எழுதினார். அன்று இரத்தத்தில் இன்சுலினை அளக்கவே வழி கிடையாது. நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் கதிரியக்க முறையில் அதை அளந்து 1960இல் வெளியிட்டபோதுதான், நடுவயதில் சர்க்கரை வந்தவர்கள் பலருக்கு இன்சுலின் குறையவில்லை, கூடுதலாகவே இருக்கிறது என்பது எண்ணாகத் தெரிந்தது. பெர்சன் 1972இல் இறந்துவிட்டதால் இந்த இருவரில் யாலோவின் கைக்கு மட்டும் 1977ஆம் ஆண்டின் நோபல் பரிசு வந்தது. மருத்துவத்துக்காக அந்தப் பரிசைப் பெற்ற இரண்டாவது பெண் அவர். முதலாமவர் கெர்ட்டி கோரி, 1947. அவரும் உடல் சர்க்கரையைக் கையாளும் விதத்தை ஆராய்ந்தவர்தான். இந்த அரங்கில் இருக்கும் கல்லூரி மாணவிகள் இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

அப்படியானால் எல்லாப் பெண்களுக்கும் இன்சுலினை அளந்துவிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. செலவு மட்டும் காரணமல்ல. ஒரு சோதனைக்கூடத்தின் 12 இன்னொன்றில் 12 ஆக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. முறைகள் உலக அளவில் இன்னும் ஒரே தரத்துக்கு வரவில்லை. ஹோமா எண்ணுக்கு எல்லை 2 என்பார் ஒருவர், 2.5 என்பார் இன்னொருவர், 3ஐத் தாண்ட வேண்டும் என்பார் மூன்றாமவர். மாதிரியும் பூப்போன்றது. இரத்தச் சிவப்பணு உடைந்தால் அதிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். என்னிடம் வந்த ஒரு பெண்ணின் மாதிரி வெயில் நேரத்தில் பல மணி நேரம் பயணப்பட்டு வேறோர் ஊரின் சோதனைக்கூடத்துக்குப் போயிற்று. முடிவு 3 என்று வந்தது. கழுத்தின் பின்புறம் கருத்து, இடுப்பு பெருத்து, இன்சுலின் எதிர்ப்பின் அடையாளங்களோடு இருந்த அந்தப் பெண்ணுக்கு 3 வர வாய்ப்பே இல்லை. மறுபடி எடுத்து, அங்கேயே உடனே சுழற்றிப் பிரித்துப் பார்த்தபோது 21. முதல் தாளை நம்பியிருந்தால் அவளை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

நீர்க்கட்டி என்று சொல்லி அழைத்து வரப்படும் பெண்களுக்கும் இதுவே பொருந்தும். மாதவிலக்கு தள்ளிப்போகிற அந்த நிலையின் வேரில் இன்சுலின் எதிர்ப்பு பெரும்பாலும் இருக்கிறது. இருந்தும், அதற்கென்று 2023இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டி, அன்றாட மருத்துவத்தில் இன்சுலினை அளக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்கிறது. மகளுக்கு நீர்க்கட்டி என்றதும் ஆயிரக்கணக்கில் செலவழித்து நீளமான பட்டியலாக இரத்தப் பரிசோதனை எடுத்து வரும் தாய்மார்களிடம் நான் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

மடையில் நிற்பவர்களை நேரில் எண்ண முடியாவிட்டால், அவர்களின் காலடித் தடத்தைப் பார்க்கலாம். அந்தத் தடம் கொழுப்பு டெஸ்டில் இருக்கிறது. இன்சுலினுக்கு அடங்காத கொழுப்புத் திசு, கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் கசிய விடுகிறது. கல்லீரல் அவற்றை வாங்கி டிரைகிளிசரைடாகக் கட்டித் திரும்ப அனுப்புகிறது. டிரைகிளிசரைடு ஏறினால் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். இறங்கும். ஆகவே டிரைகிளிசரைடை எச்.டி.எல்.லால் வகுத்துப் பாருங்கள். 2003இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, உடல் எடை கூடியவர்களிடம் இந்த விகிதம் 3ஐத் தொட்டால் இன்சுலின் எதிர்ப்பைச் சந்தேகிக்கலாம் என்றது. எல்லா மக்களுக்கும் அது ஒரேபோலப் பொருந்தாது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு இயல்பிலேயே டிரைகிளிசரைடு குறைவு என்பதால் அவர்களிடம் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடுகிறது. நம் மக்களுக்கோ டிரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைவது பரவலாகக் காணும் வடிவம்.

மெக்சிகோ ஆய்வாளர்கள் 2008இல் இன்னொரு கணக்கைக் கொண்டுவந்தார்கள்: டிரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி, பாதியாக்கி, அதன் இயல் மடக்கையை எடுப்பது. இதில் ஒரு சிக்கல் உண்டு. சிலர் முதலில் பாதியாக்கிப் பிறகு மடக்கை எடுக்கிறார்கள், சிலர் மடக்கை எடுத்த பிறகு பாதியாக்குகிறார்கள். ஒரே பெண்ணுக்கு ஒரு வழியில் 9.2 வரும், இன்னொரு வழியில் 4.95 வரும். கைபேசியில் கணக்குப் போட்டுவிட்டுப் பதறி வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

என்னிடம் வந்த பலரைச் சேர்த்து ஒருத்தியாக்கிச் சொல்கிறேன். வயது 36. ராஜபாளையத்தில் நூற்பாலை ஒன்றில் வைண்டிங் பிரிவு. நைட் ஷிப்ட் உண்டு. உயரம் 150 சென்டிமீட்டர், எடை 52 கிலோ. யாரும் அவளைக் குண்டு என்று சொல்லமாட்டார்கள். அசதி என்று வந்தாள். சர்க்கரை 94, சந்தோஷப்பட்டாள். டிரைகிளிசரைடு 212, எச்.டி.எல். 36. விகிதம் கிட்டத்தட்ட 6. இஞ்ச் டேப்பைச் சுற்றினால் இடுப்பு 86 சென்டிமீட்டர். தெற்காசியப் பெண்களுக்கு எல்லை 80.

மெலிந்த உடம்பில் இது எப்படி என்று வியக்க வேண்டாம். 2004இல் லான்செட் இதழில் இரண்டு மருத்துவர்களின் படத்தை அருகருகே போட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. யட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2. எடை மேடை இருவரையும் ஒன்றென்றே சொல்லும். நம் உடல் கொழுப்பை வயிற்றுக்குள் ஒளித்து வைக்கிற உடல். அதனால்தான் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005இல் வகுத்த இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண்ணில் எடையே கிடையாது. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று நான்கே கேள்விகள். 100க்கு 60 வந்தால் இடர் அதிகம். நம் மில் பெண்ணுக்கு வயதுக்கு 20, இடுப்புக்கு 10, கடின வேலை உண்டு ஆனால் உடற்பயிற்சி இல்லை என்பதால் 20, அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் 10. சரியாக 60. ஒரு சொட்டு இரத்தம் எடுக்காமலே இந்த எண் கிடைத்துவிட்டது.

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறியோரம் நிற்கிறவர்கள், தளவாய்புரத்தில் நைட்டி தைத்து நாள் முழுதும் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிறவர்கள், மலையடிவாரப் பளியர் குடியிருப்பின் பெண்கள், இவர்கள் எல்லோருக்கும் முதல் சோதனை இந்த இஞ்ச் டேப்தான். அதற்கு அடுத்ததுதான் ஊசி.

ஊசி என்றதும் இன்னொன்று. "மூணு மாச சராசரி" என்று நாம் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. சோதனையை இப்போது எல்லோரும் கேட்டு வாங்குகிறார்கள். வெறும் வயிறு தேவையில்லை, ஒரே குத்து; வசதிதான். ஆனால் பெண்களிடம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்கக் கூடாது. இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் சிவப்பணுக்கள் இரத்தத்தில் கூடுதல் நாள் தங்குகின்றன. அதிக நாள் சர்க்கரையில் ஊறுகின்றன. சராசரி உண்மையைவிட ஏறிக் காட்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை. அதாவது பாதிக்கு மேல். 5.9 என்று வந்த பெண்ணிடம் "பார்டர் சுகர்" என்று பயமுறுத்தி அரிசியை நிறுத்தச் சொல்வதற்கு முன், அவளுடைய ஹீமோகுளோபினைப் பார்த்திருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தபின் அந்த 5.9 தானாகவே இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன். மாறாக, இரத்தம் அதிகம் இழந்து புதுச் சிவப்பணுக்கள் விரைந்து உருவாகும் நாட்களில் உண்மையான சர்க்கரையையே அது குறைத்துக் காட்டிவிடலாம். இந்த ஒரு விஷயத்தை மருத்துவர்களாகிய நாங்களே போதிய அளவு பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

டிரைகிளிசரைடுக்கு வெறும் வயிறு வேண்டும். வெறும் வயிறு என்றால் என்ன என்பதில்தான் நம் வீடுகளில் சிக்கல். காலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டில் எல்லோருக்கும் சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு வரும் பெண்ணிடம் "ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டால், "இல்ல சார், டீ மட்டும்தான்" என்பாள். பாலும் சீனியும் சேர்ந்த அந்தத் தம்ளர் கணக்கையே மாற்றிவிடும். அவள் பொய் சொல்லவில்லை. டீயை அவள் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். காலை ஆறரைக்கே இரத்தம் எடுக்கிற ஏற்பாடு இருந்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும், தைராய்டு குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் டிரைகிளிசரைடு வேறு காரணத்தால் ஏறும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இப்போது அந்த நாலே கால் கிலோ.

கர்ப்பகாலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் மடைகளை வேண்டுமென்றே இறுக்குகின்றன. குழந்தைக்குச் சர்க்கரை போய்ச் சேர வேண்டுமே. நல்ல கணையம் கூடுதல் ஆட்களை அனுப்பிச் சமாளித்துவிடும். அனுப்ப முடியாத தாய்க்குச் சர்க்கரை ஏறும், குழந்தை பெருக்கும். ஊரே வந்து பார்த்த அந்தக் குழந்தை, தாயின் கணையம் அன்றே திணறியிருக்கலாம் என்பதற்கான அடையாளம். அவருக்கு நோய் தெரிந்தது ஐம்பத்திரண்டு வயதில். இடையில் இருந்த ஆண்டுகள் முழுவதும் யாராவது ஒருவர் அந்த எடையைப் பற்றிக் கேட்டிருக்கலாம்.

1964இல் பாஸ்டனில் ஓ'சல்லிவனும் மஹானும் கர்ப்பகாலச் சர்க்கரைக்கு முதல் அளவுகோலை வகுத்தபோது, அவர்கள் அதைத் தேர்ந்தெடுத்ததே எந்தத் தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் என்பதை வைத்துத்தான். குழந்தையின் எடையை வைத்து அல்ல. பிறகு அது பிரசவம் வரைக்குமான சோதனையாகச் சுருங்கிவிட்டது. 2020இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், கர்ப்பகாலத்தில் சர்க்கரை கண்ட பெண்ணுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் இடர் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு என்றார்கள்.

இந்த விஷயத்தில் தமிழ்நாடு முன்னோடி. சென்னையில் டாக்டர் வீ. சேஷய்யா வாதாடி வாதாடி நிலைநிறுத்திய எளிய முறை இது: சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு குத்து; 140ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. 2007இல் தமிழ்நாடு அரசு இந்தச் சோதனையை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாக்கியது. அவர் பிறந்த மார்ச் 10 இப்போது தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். ஆகவே செண்பகத்தோப்பு மலையடியிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த பெண்ணின் கர்ப்பகால அட்டையிலும் அந்த ஒரு எண் எழுதப்பட்டிருக்கும். இன்சுலின் எதிர்ப்புக்கான முதல் இரத்தச் சோதனை நம் பெண்களுக்கு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அது பீரோவில் நகைப் பெட்டிக்குக் கீழே கிடக்கிறது. மில் பெண்ணிடம் பழைய அட்டையைக் கொண்டுவரச் சொன்னபோது, இருபத்து நான்காம் வயதின் பக்கத்தில் 152 என்று இருந்தது. "டெலிவரி ஆனதும் சரியாயிரும்னு சொன்னாங்க" என்றாள்.

பிரசவமானால் சர்க்கரை இறங்குவது உண்மை. அதனால்தான் ஆறாவது வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் சோதனை வேண்டும் என்று தேசிய வழிகாட்டி சொல்கிறது. ஏன் அது நடப்பதில்லை? நம் வழக்கத்தைப் பாருங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தாய்வீடு. கர்ப்பத்தைப் பதிந்தது ஓர் ஊர், பிரசவம் இன்னோர் ஊர், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு புகுந்த வீடு. இரண்டு சுகாதார நிலையங்களுக்கும் நடுவில் அந்த 152 தொலைந்துபோகிறது. தாய்வீட்டில் அவள் பத்தியத்தில் இருக்கிறாள். அவளைப் பற்றி எல்லோரும் கேட்பது பால் சுரக்கிறதா என்று மட்டும்தான்.

தெரிந்து என்ன பயன் என்று கேட்கலாம். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரையின் முன்நிலையில் இருந்த 531 பேர். எதுவும் செய்யாத பிரிவில் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்குள் போனார்கள். நடையும் உணவுத் திருத்தமும் மேற்கொண்டவர்களில் 39.3 விழுக்காட்டினர்தான். எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது. வேலை செய்யும் தசை, கணையம் ஆள் அனுப்பாமலே தன் மடையைத் தானே திறந்துகொள்ளும். மெட்ஃபார்மினும் ஏறத்தாழ அதே பலனைத் தந்தது. மருத்துவர் சொல்லாமல் யாரும் அதை வாங்கிப் போட வேண்டாம். ஒன்று மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர்தான். காலையில் அரை மணி நேரம் நடக்கத் தனக்கென்று நேரமுள்ள பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர்? காட்டழகர் கோயிலுக்கு அசராமல் ஏறி வருகிற கால்கள்தான் இவை. அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்பை வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த அரங்கில் வட்டார மருத்துவ அலுவலர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் இருக்கிறீர்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர் சகோதரிகளும் வந்திருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். தாய் வருகிறாளோ இல்லையோ, குழந்தை நாற்பத்தைந்தாம் நாள் ஊசிக்குக் கட்டாயம் வரும். தாய்தான் தூக்கி வருவாள். அன்றே அவளுடைய அட்டையையும் வாங்கிப் பாருங்கள். 140ஐத் தொட்ட எண் இருந்தால் அன்றே குளுக்கோஸைக் குடிக்க வையுங்கள். அன்று தவறினால் ஒன்பதாம் மாத ஊசி இருக்கிறது. அந்த நாளுக்குள் கர்ப்பகாலக் கொழுப்பும் இறங்கியிருக்கும் என்பதால் டிரைகிளிசரைடையும் எச்.டி.எல்.லையும் சேர்த்தே எடுக்கலாம். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். மேசையில் ஓர் இஞ்ச் டேப், 75 கிராம் குளுக்கோஸ் பொட்டலம், ஒரு தம்ளர், அவள் காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் கைப்பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள்.